துலுக்கானத்துக்கு டியூப் எடுத்த நாள்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கூச்சம் என்பதே விட்டுப்போய்விட்டது. ஒரு மனுஷன் ஒண்ணுக்குப் போனானா இல்லையா என்பதை வார்டே கேட்கிற மாதிரியா விசாரிப்பது? துலுக்கானத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நர்ஸ் ஜெபாதான் அப்படியென்றால், மருமகள் நாகவல்லி செல்போனில் ஸ்பீக்கரைப் போட்டு, "இன்னும் வரலியாம்" என்று கள்ளிக்குப்பத்துக்கே சேதி சொல்லிக்கொண்டிருந்தாள்.

புராஸ்டேட் வீங்கி மூத்திரம் அடைத்துக்கொண்டதால் உள்ளே ஒரு குழாய் போட்டிருந்தார்கள். டாக்டருக்கு அது கதீட்டர், துலுக்கானத்துக்கு டியூப். அதையும் மூத்திரப் பையையும் சுமந்துகொண்டு பொங்கலிலிருந்து அவர் டீக்கடைப் பக்கமே போகவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு தூக்கிய உடம்பு; பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நாலு பேர் நடுவில் நிற்குமா? காலையில்தான் டியூபை உருவினார்கள். சாயங்காலத்துக்குள் தானாகப் போக வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் போட்டுத்தான் அனுப்புவார்கள்.

"தாத்தா, இந்த ஜக்குல போங்க, அளவு பாக்கணும். தாழ்ப்பாள் போடாதீங்க, நான் வெளியதான் நிக்கிறேன்" என்றாள் ஜெபா.

"நீ நின்னுகினு இருந்தா எனுக்கு எங்கேர்ந்தும்மா வரும்?"

வரவில்லை. குடித்த தண்ணீரெல்லாம் அடிவயிற்றில் கல்லாய்க் கனத்தது. இவர்கள் டியூபைத் திரும்பப் போடுவதற்கென்றே காத்திருக்கிறார்கள் என்று தோன்றியது அவருக்கு. ஆள் அசந்த நேரம் பார்த்து, லுங்கியை இறுக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு சுவர். அதற்கு அந்தப் பக்கம் சென்னீர்குப்பம் ரோட்டின் லாரி இரைச்சல். ஜக் இல்லை, கேள்வி கேட்க ஆள் இல்லை.

முதலில் சொட்டுச் சொட்டாக வந்தது. எரிந்தது. அப்புறம் சுவர் நனைந்து தரையில் ஓடியது. துலுக்கானம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். பின்னால் யாரோ கத்தினார்கள். அதற்கெல்லாம் திரும்புகிற நேரமா அது?

மேலே வந்து, "வந்துச்சு" என்றார்.

"ஜக்கு காலியா இருக்கே?"

"சொவுத்துல போனேன்."

"டியூப்புக்குப் பயந்து பொய் சொல்றீங்க தாத்தா. அளவில்லாம நான் என்னன்னு எழுதுவேன்?"

"இன்னா மாமா இது" என்று நாகவல்லி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஜெபா புது டியூப் பொட்டலத்தை எடுத்தாள்.

அப்போதுதான் வாட்ச்மேன் நாகேந்திரன் மூச்சிரைக்க வந்து நின்றான். "சிஸ்டர், இந்தப் பெருசு உங்க பேஷண்டா? 'அசுத்தம் செய்யாதீர்'னு போர்டு கீது, அதுக்கு அடியிலயே போய்க்கினு இருக்காரு. கத்துறேன், நிறுத்துனாதானே? குழாயத் தொறந்து உட்ட மாதிரி."

துலுக்கானத்தின் முகம் மலர்ந்தது. "இன்னொரு தபா சொல்லு நைனா. சத்தமா சொல்லு."

ஜெபா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் அடிவயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் பார்த்தாள். உள்ளே மிச்சம் கொஞ்சம்தான். டாக்டர் வந்து, டியூப் தேவையில்லை என்றார். "வீக்கத்துக்குக் குடுத்த மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கு. விடாம போடுங்க பெரியவரே."

"போனது நானு. பேரு மாத்திரைக்கா?"

டாக்டர் ஏதோ விளக்க ஆரம்பித்தார். நாகவல்லி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். துலுக்கானம் கேட்கவில்லை. மெஷின் சொன்னால்தான் நம்புவார்களாம் என்று முனகியபடி, இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.