முப்பது முழம் தள்ளி

இதில் ஒரே ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் ராயபுரம் மாதா கோவில் மணி அறுந்து, சொல்கிறவன் தலையிலேயே விழட்டும். நடந்தது நடந்தபடி.

அறுபத்தெட்டில் ராயபுரத்துக் கடலில் ஓங்கில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டானிஸ்லாஸின் மிஷின் போட்டில்தான் ஏற வேண்டும். டால்பின் என்று பேப்பர்காரர்கள் எழுதுகிறார்களே, அதுதான் ஓங்கில். பார்க்க வருகிறவர்களுக்கு அவர் சட்டம் வைத்திருந்தார். முப்பது முழம் தள்ளி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். நேருக்கு நேர் போகக் கூடாது, பக்கவாட்டில்தான். கை தட்டக் கூடாது, தின்னக் கொடுக்கக் கூடாது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் புகக் கூடாது. இஷ்டம் இருந்தால் அதுவே கிட்டே வரும். விசில் அடித்த ஒரு பெரிய அதிகாரியையே, "இன்னா சார், உன் வூட்டாண்ட வந்து நா விசில் அடிச்சா ஒத்துப்பியா?" என்று நடுக்கடலில் கேட்டவர்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே கவலை, மகள் ஹில்டா. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காப்பி, பலகாரத்தை முடித்துவிட்டு "சொல்லி அனுப்பறோம்" என்று போனவர்கள்தான். கடைசியாகத் திருவொற்றியூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ஹென்றி, எண்ணூர் ஃபேக்டரி ஒன்றில் ஃபிட்டர். இதுவும் தட்டிப்போனால் இனி யாரும் படியேற மாட்டார்கள் என்று ஸ்டானிஸ்லாஸுக்குத் தெரியும்.

மாப்பிள்ளையின் சித்தப்பா செல்வநாதன் சிக்கனக்காரர். "ஓங்கிலையும் பாத்தா மாதிரி ஆச்சு, பொண்ணையும் பாத்தா மாதிரி ஆச்சு. போட்லயே முடிச்சிக்கலாம்" என்றார். ஞாயிறு பூசை முடிந்ததும் மாப்பிள்ளையும் சொந்தக்காரர்களுமாகக் கும்பலாக ஏறினார்கள்.

துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் ஹில்டாவைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா சிலுவையம்மாள் அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பி, "பல்லக் காட்டு கண்ணு" என்றாள். ஒருத்தி பாடச் சொன்னாள். ஆடுகிற போட்டில் நடந்து காட்டச் சொன்னாள் இன்னொருத்தி. செல்வநாதன் மூக்குக்கு நேரே நின்று நிறம் பார்த்தார். அதிகாரியை அதட்டிய ஸ்டானிஸ்லாஸ் சுக்கானைப் பிடித்தபடி எல்லாருக்கும் இளித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஓங்கில்கள் வந்தன, ஸ்டானிஸ்லாஸ் எஞ்சினை நிறுத்தினார். வந்தவை சரியாக முப்பது முழத்தில் நின்றன. பக்கவாட்டில் வரிசை கட்டி, தலையைத் தூக்கி, சத்தமில்லாமல் இவர்களைப் பார்த்தன. ஆர்வம் தாங்காமல் முன்னால் வந்த குட்டிக்கு வாலால் ஒன்று வைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டது தாய். சிலுவையம்மாள் வீசிய வடையை ஒரு கிழட்டு ஓங்கில் மூக்கால் தட்டி, அவள் மடியிலேயே திருப்பிப் போட்டது.

ஹில்டா அதைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"நைனா, உன் சட்டம் ஓங்கிலுக்கு மட்டுந்தானா?"

ஸ்டானிஸ்லாஸ் சிலுவையம்மாளைப் பார்த்து இன்னும் கொஞ்சம் இளித்தார்.

"அப்ப நானே சொல்றேன். அல்லாரும் முப்பது முழம் தள்ளிக் குந்துங்க."

"ஏம்மா, போட்டே முப்பது முழம் இல்லியே!" என்றார் செல்வநாதன்.

"மிச்சத்துக்குத் தண்ணில எறங்குங்க சித்தப்பா."

"திமிரப் பாத்தியா! இந்தச் சம்பந்தமே வாணாம். போட்டத் திருப்புபா!" என்று எகிறினார் செல்வநாதன்.

ஸ்டானிஸ்லாஸ் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் தொப்பென்று ஒரு சத்தம். ஹென்றியின் ஷூ இரண்டும் ஓரமாக, ஜோடியாக இருந்தன, ஹென்றி இல்லை. முப்பது முழம் நீந்திப் போய், ஓங்கில் வரிசையின் கடைசியில் நின்று, பக்கவாட்டில் திரும்பி, மிதந்தபடியே ஹில்டாவைப் பார்த்தான். பாடச் சொல்லவில்லை. பக்கத்து ஓங்கில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

"ஐயோ, எம் புள்ள!" என்று அலறினாள் சிலுவையம்மாள்.

"இன்னாபா பாத்துகினு கீற? எஞ்சினப் போடு, போய்ப் புடி!" என்று கத்தினார் செல்வநாதன்.

ஹில்டா அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"எஞ்சின் வாணாம் நைனா. துடுப்பப் போடு. பக்கவாட்டுல, மெதுவா போ. மெரளப் போவுது."

அடுத்த மாதமே கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில் ஓங்கில்கள் துறைமுகச் சுவருக்கு வெளியே வந்து நின்று பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்குக்கூட இருக்காமல் போய்விட்டன.

இதைச் சொல்கிறவன் மட்டும் கோவில் மணிக்கு முப்பது முழம் தள்ளித்தான் நிற்கிறான்: ஸ்டானிஸ்லாஸுக்குப் பிறந்தது மூன்றும் ஆண் பிள்ளைகள்.