இடது பக்கக் குழாய்

வீட்டைச் சூடாக்கும் மேவிஸின் பழைய எரிவாயு பாய்லர் முன்னறைக் கணப்புக்குப் பின்னால் இருந்தது. எரியத் தொடங்கும்போது சுவருக்குள் யாரோ தொண்டையைச் செருமுவது போலிருக்கும்.

பாய்லர் மாற்ற வந்த டேமியன் அதைப் பெயர்த்து எடுத்துப் போனான். புதியது சமையலறை அலமாரிக்குள் அடங்கிவிட்டது. வெள்ளைப் பெட்டி. செம்புக் குழாய்கள் கோடு கிழித்தது போல இறங்கின. புகை பின்சுவர் வழியே போய்விடும். புகைபோக்கி இனி வேண்டாம். விஷவாயு கசிந்தால் கத்தும் சிறு கருவி ஒன்றையும் சுவரில் மாட்டினான். அதில் பச்சை விளக்கு எரிந்தது.

பக்கத்து வீட்டு கிளிஃப் வந்து பார்த்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே நடுச்சுவர். அவர் வீட்டிலும் கணப்புக்குப் பின்னால் அதே வயது பாய்லர். அதையும் மாற்றிவிடும்படி டேமியன் சொன்னான். குளிருக்குப் பயந்து காற்றுத் துளையில் திணித்திருக்கும் காலுறையை உடனே எடுக்கச் சொன்னான்.

"அது என்னைவிட நல்லா மூச்சு விடுது தம்பி," என்றார் கிளிஃப். "யாரு மூச்சு முதல்ல நிக்குதுன்னு பாப்போம்."

இரண்டு வீட்டுப் புகைபோக்கிகளும் கூரைமேல் ஒரே செங்கல் தூணாக எழுந்தன. உச்சியில் இரண்டு சுடுமண் குழாய்கள். ஒன்று மேவிஸுடையது, மற்றது கிளிஃபுடையது. தன்னுடையதை மூடிவிடச் சொன்னாள். மழை இறங்கும், காகங்கள் குச்சி போடும். டேமியன் பின்முற்றத்தில் ஏணி சாத்தி ஏறினான். எது என்று மேலிருந்து கேட்டான். மேவிஸ் சமையலறையில் தூசி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இடது பக்கம்," என்றாள். தெருவில் வரும்போதும் போகும்போதும் அவள் அப்படித்தான் பார்த்திருந்தாள்.

குளிர் இறுகியது. கிளிஃப் தலைவலி என்றார், வயிற்றைப் புரட்டுகிறது என்றார். காய்ச்சல் ஊசி வேலை செய்யவில்லை என்று மருத்துவரைத் திட்டினார். மேவிஸிடம் வந்து தேநீர் குடித்தால் முகம் தெளியும்.

"உன் டீ மருந்து மாதிரி இருக்கு கண்ணு. வீட்டுக்குப் போனா மறுபடி பிடிச்சுக்குது."

"பிஸ்கட்டுக்கு வர்றீங்கன்னு நேரா சொல்லுங்களேன்."

மாலைத் தேநீரோடு தன் வீட்டில் உட்கார்ந்ததும் அவர் நடுச்சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். அவளும் தட்டுவாள். பல வருடப் பழக்கம். இப்போது தட்டு தாமதமாக வந்தது. சில நாள் ஒன்றே ஒன்று வந்தது.

கடும் உறைபனி விழுந்த அன்று தெரு வழுக்கியது. கடைக்குப் போனவள் பின்சந்து வழியாகத் திரும்பினாள். கூரைகளெல்லாம் வெளுத்திருந்தன. அண்ணாந்து பார்த்தாள். திறந்திருந்த குழாயின் மேல் பனி படிந்திருந்தது. மூடி போட்ட குழாயில் பனி இல்லை. அதன் மண் ஈரமாகக் கறுத்திருந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு தன் கணப்பில் நெருப்பே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. எதன் அடியில் நெருப்பு எரிகிறதோ, அதுதான் மூடியிருந்தது. தெருவிலிருந்து அவளுக்கு இடது அவளுடையது; பின்பக்கம் ஏறியவனுக்கு இடது கிளிஃபுடையது.

பையைச் சந்திலேயே போட்டாள். அவர் வீட்டுச் சாவி அவளுடைய கதவருகே ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு அவருடைய தெருக்கதவுக்கு ஓடினாள். உள்ளே தொலைக்காட்சி சிரித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் வெந்த காற்று முகத்தில் மோதியது. ஜன்னல் கண்ணாடிகளில் நீர் வழிந்தது. கிளிஃப் நாற்காலியில் மோவாய் மார்பில் படிய இருந்தார். தேநீரில் ஆடை கட்டியிருந்தது. கூப்பிட்டாள். அசையவில்லை.

மூச்சை அடக்கிக்கொண்டு கணப்பை அணைத்தாள். அவரைத் தரைவிரிப்பின் மேல் சரித்து, விரிப்போடு வாசலுக்கு இழுத்தாள். ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்லித் தெருவைப் பார்த்துக் கத்தினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

குளிர் பட்டதும் அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"கதவைச் சாத்து மேவிஸ். சூடெல்லாம் போகுது."

"போகட்டும். கண்ணை மூடாதீங்க."

மூடிக்கொண்டார். அவள் வாசற்படிக் கல்லில் விரல் மடக்கி இரண்டு தட்டுத் தட்டினாள். காத்திருந்தாள். மறுபடி தட்டினாள்.

வெகுநேரம் கழித்து அவர் விரல் கல்லில் ஒருமுறை பட்டது.