உருட்டிக்கொண்டு போகிறவர்கள்

"வயசு இருபத்திமூணு. இடம், ஆறு வழி நெடுஞ்சாலையோரம், பெட்ரோல் பங்குக்கு எதிர்ல. வேலை, ஆளுங்களை எண்றது. நிழல்லதான்மா நிக்கிறேன், கவலைப்படாத."

ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அவன் தினமும் இப்படிக் கைபேசியிடம் பேசித்தான் செய்தி அனுப்புவான். அவன் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்ளும்; தட்டச்சு செய்யக் கை ஏது? வலக்கையில் ஒரு எண்ணும் கருவி, நடப்பவர்களுக்கு. இடக்கையில் இன்னொன்று, சைக்கிள்காரர்களுக்கு. மூன்று நாள் எண்ணிக் கொடுத்தால், அந்தக் கணக்கைப் பார்த்துத்தான், சாலையைக் கடக்க அங்கே கட்டப்போகும் மேம்பாலத்துக்கு வெறும் படிக்கட்டா, சைக்கிள் ஏறச் சரிவுப் பாதையுமா என்று முடிவு செய்வார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம், அவன் குடியிருக்கும் அக்கா வீட்டில் பேச்சு அதைப் பற்றியே வந்தது. சைக்கிள் ரெண்டு நாளில் இருபத்தாறுதான் என்றான்.

"என்னை எதுலடா சேர்த்த?" என்றாள் அக்கா. சாலைக்கு அந்தப் பக்கம் பொட்டலம் கட்டும் வேலை அவளுக்கு.

"நடக்கறவங்கள்ல. கால் தரையில இருந்தா நடக்கறவங்கன்னு சொல்லித்தான் விட்டாங்க."

"அப்ப என் கையில இருந்தது என்ன, ஆட்டுக்குட்டியா?"

மாமா புரையேறச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "லாரி வர்ற வேகத்துக்கு எவன்டா ஏறி ஓட்டிக்கிட்டே ரோட்டைக் கடப்பான்? எல்லாரும் இறங்கி உருட்டிக்கிட்டுத்தான் போவோம். பாலம் வந்தா கீழ வழியை அடைச்சிடுவாங்க. படிக்கட்டு மட்டும் கட்டினா நான் வேலையை விட வேண்டியதுதான். நடந்தே போனா ஒன்றரை மணி நேரம்."

ரெண்டு நாளும் அவன் கண்ணெதிரே நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் போயிருக்கின்றன. அத்தனையையும் வலக்கையால் அமுக்கித் தள்ளியிருக்கிறான்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் அவனை எண்ண நிறுத்திய பெண் பொறியாளருக்குச் செய்தி அனுப்பினான். அரை மணியில் அவரே வந்து இறங்கினார்.

"ஏம்ப்பா, 'எல்லாரும் சைக்கிளை மிரட்டிக்கிட்டுப் போறாங்க'ன்னு அனுப்பியிருக்க. பாவம், அது என்ன தப்பு பண்ணுச்சு?"

"ஐயோ மேடம், உருட்டிக்கிட்டு! லாரி சத்தத்துல போன் தப்பா கேட்டுடுச்சு."

"சரி, காட்டு."

காட்டினான். பத்து நிமிடம் நின்று பார்த்தார். பால் கேனோடு ஒருவர், பின்னால் குழந்தையை உட்கார வைத்தபடி ஒருத்தி, சீருடையில் நாலு பேர். ஒருவர்கூட ஏறி ஓட்டவில்லை.

அவன் கணக்குப் படிவத்தை நீட்டினான். "ரெண்டு நாள் கணக்கும் தப்பு மேடம். தப்பு என்னோடது. வேலையை விட்டு அனுப்பறதுன்னா அனுப்புங்க. ஆனா முதல்ல இன்னொரு தடவை எண்ண விடுங்க."

"உன்னை அனுப்பிட்டு யாரை நிறுத்தறது? இந்தச் சத்தத்துல ரெண்டு நாள் நின்னதே பெரிசு." அவர் படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தார். "இன்னைலேருந்து புதுசா மூணு நாள். ஆனா எனக்கு மேல இருக்கறவங்க வெறும் நம்பரைப் பாத்து மனசு மாற மாட்டாங்க. கீழ குறிப்புன்னு இடம் இருக்கு பார், அதுல போட உன் வாயால சொல்லி எனக்கு அனுப்பு. மிரட்டாம சொல்லு."

மூன்று நாள் எண்ணினான். நடப்பவர்கள் ஆயிரத்து நூற்று நாற்பது. ஏறி ஓட்டியவர்கள் முப்பத்தேழு. உருட்டியவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு.

கடைசி நாள் மாலை சத்தம் குறைவான பெட்ரோல் பங்கின் பின்சுவர் ஓரமாக ஒதுங்கிக் குறிப்பைச் சொன்னான். ஒவ்வொரு வரியையும் திரும்பப் படித்துப் பார்த்த பிறகே அனுப்பினான்:

"சைக்கிள் குறைவா இருக்குன்னு நினைக்காதீங்க. பயத்துல இறங்கிட்டாங்க, அவ்வளவுதான். பாலத்தோட வரைபடத்துல நாப்பத்தெட்டுப் படி இருக்கு. இதைப் படிக்கறவங்க யாரா இருந்தாலும், ஒரு சைக்கிளைத் தூக்கிக்கிட்டு நாப்பத்தெட்டுப் படி ஏறிப் பாத்துட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்க."