மொறைக் கரண்ட்

பவர்டேபிளில் ஒரு வரிசைக்கு ஒரே மோட்டார்தான். மேசைக்கு அடியில் நீளமான இரும்புத் தண்டு சுற்றும். அதிலிருந்து ஒவ்வொரு தையல் மெஷினுக்கும் ஒரு பெல்ட் ஓடும். கரண்ட் போனால் தண்டு சட்டென்று நிற்காது. முனகிக்கொண்டே வேகம் குறைந்து அடங்கும். அந்த மிச்ச ஓட்டத்திலேயே ராசப்பன் கையிலிருக்கும் பனியனின் கழுத்துப் பட்டையைத் தைத்து முடித்துவிடுவான். அன்றைக்கும் முடித்து முன்னால் தள்ளிவிட்டு, "போச்சு போ!" என்றான். எதிரில் உட்கார்ந்து துணியை மடித்து மடித்து அவனுக்கு எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலை அவன் மனைவி காளியாத்தாளுக்கு. அவள் மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம், மாசிக் கடைசி. திருப்பூரில் கரண்ட் போகாத நாளே இல்லை. பனியன் கம்பெனிகளில் பீஸுக்குத்தான் கூலி. தைக்காத நேரத்துக்கு எந்த மகராசன் தருவான்? இவர்கள் வேலை பார்த்த லிங்கசாமியின் கம்பெனியில் மட்டும் தந்தார்கள். முந்தின தீபாவளிக்கு முன்னால் ஆட்களெல்லாம் ஒட்டுக்கா வேலையை நிறுத்திவிட்டு, கம்பெனி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து வாங்கியது அது. கரண்ட் இல்லாமல் காத்திருக்கும் நேரத்துக்கு அரைக் கூலி. அதற்குக் 'கரண்ட் கூலி' என்றே பெயர் விழுந்துவிட்டது. அப்போது எல்லாருக்கும் முன்னால் நின்று பேசியவன் ராசப்பன். மேனேஜர் வெள்ளியங்கிரிக்கு அந்தக் கூலியின் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும்.

அந்தக் கூலி இருந்ததால் இவர்கள் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் மகள் சென்னம்மாள் சோமனூரில் காளியாத்தாளின் அம்மா வீட்டில்தான் வளர்ந்தாள். லைன்வீட்டு ஒற்றை அறையை விட்டுக் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்து, பிள்ளையைக் கூட்டி வந்து, ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் போட வேண்டும் என்பதுதான் இரண்டு பேருக்கும் ஆசை. அதற்கு மெஷின் நிற்காமல் ஓட வேண்டும்.

"போன வாரம் போனப்ப, 'நீங்க எந்த ஊருங்க'ன்னு என்னயவே கேக்கறா" என்று காளியாத்தாள் சொன்னாள். விளையாட்டுக்குத்தான் கேட்டிருக்கும் குழந்தை. ஆனாலும் அதைச் சொல்லிவிட்டு அவள் மடியிலிருந்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அந்த நேரத்தில்தான் வெள்ளியங்கிரி உள்ளே வந்து கைதட்டினான். "எல்லாரும் கேளுங்க. நம்ம மொதலாளி கேத்தனூர்ப் பக்கம் காத்தாடி போட்டிருக்கறாருங்க. காத்துல கரண்ட் எடுக்கற மெஷினு. வர்ற ஞாயித்துக்கெழம பூசை. வேன் வருது, சோறு இருக்குது. எல்லாரும் வந்தரோணும்."

"காத்துலயா?" என்று ராசப்பன் எழுந்தே விட்டான்.

"காத்துலதான். வெளிநாட்டு மெஷினு. இந்த மார்ச்சு முடியறதுக்குள்ள சுத்தீரோணும்னு ராவும் பகலும் வேலை நடந்துச்சு. சுத்துச்சுன்னா மெஷின் போட்ட காசு பூராத்தையும் இந்த வருசமே லாபத்துல கழிச்சுக்கலாம், வரி கட்ட வேண்டியதில்லைன்னு கவர்மெண்டே சொல்லியிருக்குதுங்க."

வரி விஷயம் யார் காதிலும் ஏறவில்லை. காற்றில் கரண்ட் என்பதிலேயே எல்லாரும் நின்றுவிட்டார்கள். துணியோரத்துக்கு ஓவர்லாக் அடிக்கும் சின்னத்தாய் மட்டும், "காத்துக் கருப்பு அடிக்கும்னுதான் கேள்விப்பட்டிருக்கேன், கரண்டுமா அடிக்கும்?" என்று சிரித்தாள். அவள் சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். வாய் கொஞ்சம் நீளம்.

வேன் பல்லடம் தாண்டிக் காட்டுக்குள் திரும்பியதும் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். சோளத்தட்டு அறுத்த வெறுங்காடு. அதன் நடுவே இரும்புக் கோபுரம் ஒன்று, மூன்று தென்னை மரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்திய உயரத்துக்கு. உச்சியில் ஒரு பெட்டி. அதன் முகத்தில் மூன்று வெள்ளை இறக்கைகள். இறங்கிய ஆட்கள் அண்ணாந்த கழுத்தைக் கீழே இறக்கவில்லை. ராசப்பனின் தலைத்துண்டு பின்னால் விழுந்தது, அவன் எடுக்கவில்லை.

பூசணிக்காய் சுற்றி உடைத்தாயிற்று. சுவிட்சையும் தட்டியாயிற்று. இறக்கை அசையவில்லை. பங்குனி வெயிலில் ஓர் இலைகூட ஆடாமல் நின்றது. முதலாளி லிங்கசாமி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றியிலும் வியர்வை வழிந்தது.

பிறகு தெற்கேயிருந்து ஒரு காற்று கிளம்பி, காட்டுப் புழுதியைத் தூக்கிக்கொண்டு வந்தது. உச்சியில் கிர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவு பெரிய பெட்டி தானாகவே மெல்லத் திரும்பி, காற்றுக்கு நேராக முகத்தைக் கொடுத்தது.

"அட சாமி! தலையத் திருப்புதுங்க!" என்று காளியாத்தாள் கத்திவிட்டாள். "காத்து எக்கட்டால இருந்து வருதுன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?"

இறக்கைகள் நகர்ந்தன. முதலில் சோம்பலாக, பிறகு சீராக, பிறகு வூம் வூம் என்று. அவற்றின் நிழல் தரையில் ஓடி வந்து ஒவ்வொன்றாக அவள் காலைக் கடந்து போனது. மிதித்துவிடக்கூடாது என்பதுபோல அவள் ஒவ்வொரு தடவையும் காலைத் தூக்கினாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவள் கண்டுகொள்ளவில்லை. ராசப்பன் கோபுரத்தின் இரும்பில் உள்ளங்கையை வைத்தான். உள்ளே ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. மனுசன் என்னென்ன செய்துவிடுகிறான் என்று நினைத்ததில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இஞ்சினியரிடம் போய்க் கேட்டான். "ஏனுங்க சார், இந்தக் கரண்டு திருப்பூருக்கு எப்படிங்க வந்து சேருது? தனிக் கம்பிங்களா?"

"தனிக் கம்பி இல்லீங்க. கரண்ட் போர்டு லைன்ல விட்டுருவோம். இங்க எவ்வளவு விட்டமோ, அவ்வளவு உங்க கம்பெனி அங்க எடுத்துக்கலாம்."

ராசப்பனுக்கு உடனே விளங்கிவிட்டது. அவன் அப்பன் வீட்டில் கூட்டுக் கிணறு. நாலு பங்காளிக்கு ஒரே வாய்க்கால். ஆனால் அவனவன் முறை நாளில் தண்ணீர் அவனவன் காட்டுக்குத்தான் பாய வேண்டும். மற்றவன் மடையைத் தொட்டால் மண்வெட்டிச் சண்டைதான். "அப்ப மொறைத் தண்ணி மாதிரிங்க. நாம ஊத்துன தண்ணி நம்ம மொறைக்கு நம்மளுக்கு வந்துரும்?"

இஞ்சினியருக்குப் பசி. பந்தி போட்டுவிட்டார்கள். "ஆமாங்க, அப்படித்தான்னு வெச்சுக்கங்களேன்" என்று நடந்தார்.

"எங்க ஊருக் கம்மாயில மடையத் தொறந்தா, கடைசி வயக்காரனுக்கு நண்டு வளைதான் மிச்சம்ணே. கேட்டுச் சூதானமா இருந்துக்கங்க" என்றாள் சின்னத்தாய்.

"நீயொருத்தி. நல்ல காரியத்துல அபசகுனமாப் பேசாத புள்ள."

வாழை இலையில் பருப்பும் நெய்யும் பாயசமும் போட்டார்கள். லிங்கசாமியே குனிந்து, "சித்தெ போட்டுக்கங்க, கூச்சப்படாதீங்க" என்று பரிமாறினார். முதலாளி கையால் சோறு! ராசப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை பெரிய மனுசனிடம் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து கூலி வாங்கினோமே என்று கூச்சமாகவும் இருந்தது. இலையை மடித்த கையோடு எழுந்து நின்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

"மொதலாளிங்க, காத்தையே கட்டி இழுத்தாந்துட்டீங்க. இனி நம்ம கம்பெனிக்குக் கரண்ட் கட்டே இல்லீங்க. அப்பறம் கரண்ட் கூலி எங்களுக்கு எதுக்குங்க? இன்னையோட வேண்டாமுங்க!"

வெள்ளியங்கிரிதான் முதலில் கைதட்டினான். பாயசம் தின்ற வாயால் மறுத்துப் பேச யாருக்கும் வரவில்லை, எல்லாரும் தட்டினார்கள். லிங்கசாமி, "உங்க இஷ்டமுங்க" என்று கும்பிட்டார். திரும்பும் வழியெல்லாம் காளியாத்தாள் வேனின் பின்கண்ணாடி வழியாக அந்த இறக்கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "ஜூனுக்கு முன்னாலயே ஊடு பாத்தரலாமுங்களா மாமா?" என்றாள். "பாத்தரலாம்" என்றான்.

சித்திரையிலும் கரண்ட் போனது. "காத்து இல்லீங்க, காத்து வரட்டும்" என்று ராசப்பனே மற்றவர்களுக்குச் சமாதானம் சொன்னான். பார்த்து வைத்த புது வீட்டின் சொந்தக்காரரிடமும் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னான். காத்திருந்த நேரத்துக்குக் கூலி இல்லை. வாரக் கடைசியில் கைக்கு வந்தது அரிசிக்கும் வாடகைக்கும் இழுபறியாகவே இருந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. சென்னம்மாளைச் சோமனூரிலேயே சேர்த்தார்கள்.

ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று இறங்கியது. திருப்பூர் வீதிகளில் பனியன் வெட்டுத் துணிகள் பறந்து கம்பிகளில் மாட்டிக்கொண்டன. தகரக் கூரைகளுக்குக் கல் பாரம் வைத்தார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில், வெளியே காற்று ஊளையிட்டுக்கொண்டிருக்கும்போது, மேசைக்கு அடியில் தண்டு முனகி அடங்கியது. வரிசை முழுவதும் ராசப்பனைத்தான் பார்த்தது.

அவன் நேராக வெள்ளியங்கிரியின் அறைக்குப் போனான். "கேத்தனூருக்கு ஒரு போன் போடுங்க. காத்தாடி சுத்துதான்னு கேளுங்க."

வெள்ளியங்கிரி போட்டுக் கேட்டான். முகம் மலர்ந்தது. "பேயாட்டம் சுத்துதாம் ராசப்பா! இவ்வளவு கரண்ட் இதுவரைக்கும் எடுத்ததே இல்லியாம்!"

ஒரு கணம் ராசப்பனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த இறக்கைகள் கண்முன்னே ஓடின. பிறகுதான், "அப்ப நம்ம மொறைக் கரண்டு எங்கீங்க?" என்று கேட்டான்.

"என்ன மொறை?"

"நாம ஊத்துனது நம்மளுக்கு வரோணுமில்லீங்க."

வெள்ளியங்கிரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "அட, அது போர்டு லைனுப்பா. ஏரியாவுக்கே நிறுத்துனா நம்மளுக்கும் நிக்கும். அங்க விட்டதக் கணக்கு வெச்சு மாசாமாசம் நம்ம பில்லுல கழிச்சுருவாங்க. இந்த மாசம் பில்லு பாதிகூட இல்ல. நம்ம மொறையெல்லாம் பில்லுல வந்து சேந்துருது."

ராசப்பன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அப்படீன்னா... கரண்ட் கூலியத் திரும்பப் போட்டுருங்க."

"நான் நிறுத்துனனா? வேண்டாம்னு எந்திரிச்சுச் சொன்னது ஆரு? அத்தனை சனத்துக்கு முன்னால, மொதலாளி ஊட்டுச் சோத்தத் தின்ன கையோட." வெள்ளியங்கிரி குரலை உயர்த்தவில்லை. "அவரு அடுத்த மார்ச்சுக்குள்ள இன்னொரு காத்தாடி போடற ரோசனைல இருக்கறாரு. இப்பப் போயி இதையெல்லாம் பேச முடியுமா?"

அவன் திரும்பி வந்தபோது வரிசையில் நகர்ந்து இடம் விட்டார்கள். சின்னத்தாய் தன் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் தள்ளி வைத்தாள். அது அவனுக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வெள்ளியங்கிரி ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தான். "சும்மாதான உக்காந்திருக்கறீங்க. ஜெர்மனிக்குப் போற பனியனுக்கு இந்த டேக்கைக் கட்டிப் போடுங்க. கைவேலைதான், கரண்ட் வேண்டியதில்லை." பெட்டி நிறைய வழவழப்பான பச்சை அட்டைகள். ஒவ்வொன்றிலும் நீல வானத்துக்கு எதிரே அந்தக் காற்றாடி. காற்றில் கிடைத்த கரண்டில் தைத்த பனியன் என்று அதன் கீழே இங்கிலீஷில் போட்டிருப்பதாக அவனே சொன்னான்.

"இதுக்குக் கூலிங்க?" என்றாள் சின்னத்தாய்.

"தையலுக்குத்தானம்மா பீஸ் ரேட்டு" என்று சொல்லிவிட்டு அவன் பெட்டியை இறக்கினான்.

வெளிச்சத்துக்காக எல்லாரும் வாசலோரம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். காற்று அட்டைகளைக் கிளப்பியது. காளியாத்தாள் ஒன்றைக் கையில் எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். கோபம் அவளுக்கும் இருந்தது. ஆனாலும் அந்த இறக்கைகளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"எத்தனை அழகாப் புடிச்சிருக்கறாங்க பாருங்க மாமா" என்றாள். பிறகு தலையைத் தூக்கி, "ஏனுங்க, இதுல ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கட்டுங்களா? சோமனூர்ல எங்க புள்ளகிட்டக் காட்டறக்கு" என்று வெள்ளியங்கிரியிடம் கேட்டாள்.

"ஐயோ, பனியனுக்கு ஒண்ணுன்னு எண்ணி அனுப்பியிருக்குதம்மா. ஒண்ணு கொறைஞ்சாலும் ஜெர்மனிப் பார்ட்டி கேப்பான்."

அவள் அந்த அட்டையைச் சேலையில் ஒருமுறை துடைத்து ராசப்பனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கி, தான் காலையில் தைத்த பனியனின் கழுத்தில் கட்டி, முடிச்சை இறுக்கினான்.