தெல்மாவின் தேநீர் முறை

லாயிட் பிரெண்டர்காஸ்டுக்கு நினைவுக்கூட்டம் நடத்த எங்கள் கிரிக்கெட் கிளப் தேர்ந்தெடுத்த சனிக்கிழமை, தேநீர் தயாரிப்பதில் அவர் மனைவி தெல்மாவின் முறை. சமையலறைக் கதவில் ஒட்டிய அட்டையில் அப்படித்தான் இருந்தது. புருஷனைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகாதவளை இந்த வாரம் விட்டுவிடலாம் என்று கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தலைவர் கிளைவ் இளகிய மனசுக்காரர்தான். மைதானத்துப் புல் ஓரிடத்தில் வாடினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஆகவே ஊரே கூடத்தில் உட்கார்ந்து லாயிடைப் புகழ்ந்துகொண்டிருக்க, தெல்மா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டிகளுக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தாள். உதவிக்கு அடுத்த வீட்டுக்காரியான நான். பரிமாறும் ஜன்னல் வழியே புகழுரையும் வந்தது, ஈயும் வந்தது.

அவள் பெட்டி என் காரில் இருந்தது. நாலு மணிக்குப் பெட்ரோல் பங்க் வாசலில் அடிலெய்ட் பஸ் நிற்கும். இனி அங்கே தங்கையோடுதான் இருப்பு; திரும்பி வருவதாக இல்லை. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஏன் முன்பே சொல்லவில்லை, யார் தடுக்கப்போகிறார்கள் என்று கேட்டிருந்தேன்.

"தடுக்க மாட்டாங்க டோரீன். நன்றி சொல்வாங்க. நன்றி சொல்லிச் சொல்லியே உக்கார வச்சிருவாங்க."

உள்ளே ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். லாயிட் எங்கள் பள்ளியின் தலைமையாசிரியர். கோடையில் கிரிக்கெட், குளிர்காலத்தில் ஃபுட்பால், முட்டி தேய்ந்தபின் முதியோருக்கான பந்துருட்டல். விளையாட்டு பண்பை வளர்க்கும் என்று வாராவாரம் பிள்ளைகளுக்குச் சொல்வார். சனிக்கிழமை நடுவர் விரலைத் தூக்கினால், நின்ற இடத்திலேயே நின்று அவரை முறைப்பார். பின்னக் கணக்கைக்கூட மட்டையாளர்களின் சராசரி வைத்தே நடத்தினார். தன் சராசரியை மட்டும் ஒருநாளும் உதாரணம் காட்டியதில்லை.

கிழவர் வெர்ன் எழுந்து, இறுதிப் போட்டிக் கதையை எடுத்தார். "பொண்ணு பொறந்திருக்குன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆள் ஓடி வர்றான். நம்ம லாயிட் என்ன கேட்டாரு? இன்னும் எத்தனை ரன் வேணும்னாரு."

கூடம் குலுங்கிச் சிரித்தது. தெல்மாவின் கத்தி நிற்கவில்லை.

"அன்னிக்குத் தோத்தாங்க" என்றாள் என்னிடம். "அதை மட்டும் யாரும் சொல்றதில்ல."

மூன்றரை ஆயிற்று. இன்னும் இரண்டு பேர் பேச வேண்டும். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். பின்கதவு வரை போனாள், சாலையைப் பார்த்தாள், திரும்பி வந்தாள். தட்டுகளை இடம் மாற்றினாள். பேசாமல் இப்படியே போய்விடலாமே என்றேன்.

"சொல்லாம போனா ஓடிப்போனதா ஆயிடும். நான் ஓடல. போறேன்."

அப்போதுதான் கிளைவ் மைக்கைப் பிடித்தார். இனி மார்ச் தோறும் லாயிட் நினைவுக் கோப்பைப் போட்டி நடக்கும் என்று அறிவித்தார். கைதட்டல் அடங்கக் காத்திருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வருஷா வருஷம் கோப்பைய வழங்கப்போறது நம்ம தெல்மா. அன்னிக்கு ஸ்கோனும் தெல்மா கையாலதான். லாயிட் இருந்தா இதைத்தான் கேட்டிருப்பார்."

கூடம் எழுந்து நின்றது. யாரோ அவளைக் கைபிடித்து மேடைக்கு நடத்திப்போனார்கள். இன்னொருவர் பூங்கொத்தைத் திணித்தார். அத்தனை கண்களும் கலங்கியிருந்தன. அவள் முகமும் இளகத் தொடங்குவதை ஜன்னல் வழியே பார்த்தேன். பிறகு "நன்றி" என்றாள். பெட்டியை மறுபடி அவள் வீட்டுப் படியேற்றும் வேலைக்கு மனசைத் தயார்செய்தேன்.

"வாஸ்தவம் கிளைவ். அவர் இதைத்தான் கேட்டிருப்பார்" என்றாள். "அவர் கேட்டதெல்லாம் செஞ்சு முடிச்சாச்சு. நான் நாலு மணி பஸ்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன். கோப்பைய வேற யாராவது குடுங்க."

பேசி முடித்தவருக்குக் கைதட்டுவது எங்கள் வழக்கம் என்பதால் தட்டினார்கள்.

பஸ் தாமதம். பங்க் வாசலில் வெயிலில் நின்றோம். அவள் உட்கார மாட்டேன் என்றாள். கிளப் பக்கமிருந்து புழுதி கிளம்பி வந்தது, கிளைவின் வண்டி. தெல்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கிளைவ் தொப்பியைக் கழற்றினார். லாயிட் போல ஒருவர் இனிப் பிறக்கமாட்டார் என்றார். கொஞ்ச நேரம் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு தெல்மா. வர்ற சனிக்கிழமை வெளியூர் டீம் வருது..."

"வரட்டும்" என்றாள்.

பஸ் வந்தது. என் கன்னத்தில் முத்தமிட்டு ஏறினாள். மறுபக்க ஜன்னலில் போய் உட்கார்ந்துகொண்டதால் கையசைக்கக்கூட முடியவில்லை. பஸ் கோதுமை வயல்களுக்கிடையே சின்னதாகும் வரை கிளைவ் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

நான் அதற்குள் காரைக் கிளப்பியிருந்தேன்.