அதிகாரி வந்த நாட்கள்

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லி அரசுப் பள்ளிக்கு ஆணை வந்த மறுநாளே, ஆசிரியர்கள் முதுகில் ஆளுக்கொரு சுவிட்சு பொருத்திவிட்டார்கள். பாடவேளை இல்லாதவர்களை அணைத்துச் சுவரோரம் சாய்த்துவைப்பார்கள். யாரும் குறை சொல்லவில்லை. கணக்கு வாத்தியாருக்கு முதுகுவலியே போய்விட்டதாம்.

ஓவிய ஆசிரியை அங்கயற்கண்ணிக்குத்தான் பயம் பிடித்தது. அவளுக்கு வாரத்துக்கு இரண்டே பாடவேளை. தணிக்கைக்கு வரும் அதிகாரி, வெட்டியாக மின்சாரம் இழுப்பது எதுவோ அதை மறு உத்தரவு வரும்வரை அணைத்துவிடுவார் என்று தலைமையாசிரியர் தணிகாசலம் சொன்னார். மறு உத்தரவு என்ற ஒன்று அந்தப் பள்ளிக்கு வந்ததே கிடையாது. சொல்லும்போது அவளையே வேறு பார்த்தார், பாவி மனுஷன்.

அதிகாரி வந்தார். உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? மரியாதை செய்கிறேன் பேர்வழி என்று, ஆளில்லாத அறைகளில்கூட விளக்கு, மின்விசிறி அத்தனையையும் போட்டுவிட்டார்கள். ஆசிரியர்களையும் ஒருவர் விடாமல் போட்டார்கள். காலங்காலமாக அப்படித்தான் பழக்கம். காற்றின் வேகத்தில் கட்டடம் தரையிலிருந்து இரண்டு முழம் எழும்பி நின்றது. அதிகாரி ஏறி வர நாற்காலி போட்டார்கள்.

அவர் மீட்டர் புத்தகத்தைப் புரட்டினார். வருடத்தின் மற்ற நாளெல்லாம் ஓடியதைவிட ஆறே நாளில் அதிகம் ஓடியிருந்தது. அந்த ஆறு நாளும் இங்கே என்ன நடந்தது என்று கேட்டார்.

அங்கயற்கண்ணிதான் வாயைத் திறந்தாள். எப்படியும் அணைக்கப்போகிறார்கள், இனி என்ன பயம்?

"அன்னைக்கெல்லாம் நீங்க வந்திருந்தீங்க சார்."

அதிகாரி தன் டைரியை எடுத்து ஆறு தேதிகளையும் ஒத்துப்பார்த்தார். நேர்மையான மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். அணைக்க வேண்டியது எது என்று கேட்கும் படிவத்தில் தன் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சட்டையைச் சற்றே தூக்கிக்கொண்டு தன் முதுகிலும் இருந்த சுவிட்சை அவளுக்குக் காட்டினார்.

"எனக்குக் கை எட்டலம்மா. நீங்களே அமுக்கிடுங்க."

அமுக்கினாள். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டு அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். அத்தனை நிம்மதியான முகத்தை அந்தப் பள்ளி பார்த்ததில்லை. மின்விசிறிகளை நிறுத்தினார்கள், கட்டடம் மெல்ல இறங்கியது. ஜன்னல்களைத் திறந்ததும் வேப்பமரத்துக் காற்று வந்தது. அங்கயற்கண்ணிக்குப் போன உயிர் திரும்பியது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குக் கிளம்பினாள்.

தலைமையாசிரியர் பின்னாலேயே வந்து, அதிகாரியைத் திரும்ப எப்போது போடுவது என்று தணிந்த குரலில் கேட்டார்.

"இருக்கட்டும் சார். ஆண்டு விழாவுக்குப் பாத்துக்கலாம்."