கிருபாவின் பார்ட்னர்

“அடிக்கிறது, கடிக்கிறதெல்லாம் ஒண்ணும் இல்ல மேம். கிருபா ரொம்ப நல்ல பொண்ணு. ஆனா...” என்று இழுத்தாள் ஸ்நேகா மிஸ்.

அந்த ‘ஆனா’வைக் கேட்கத்தான் கிருபாவின் அம்மா ஜீவிதா, கேம்ப் ரோட்டில் உள்ள தன் கிளினிக்கில் பல் வேர் சிகிச்சைக்கு வந்தவரை மறுநாள் வரச் சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தாள். யு.கே.ஜி. வகுப்பின் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சை முட்ட உட்கார்ந்திருந்தாள்.

“ஆனா?”

“பார்ட்னர் கையைப் பிடிக்க மாட்டேங்கறா.”

விளையாடப் போகும்போதும், கை கழுவப் போகும்போதும் யு.கே.ஜி. பிள்ளைகள் இருவர் இருவராகக் கை கோத்து வரிசையில் போவார்கள். யாருக்கு யார் பார்ட்னர் என்பது பள்ளி திறந்த வாரமே முடிவாகிவிடும். கிருபாவின் பார்ட்னர் ஆல்வின். அந்தப் பெயரை வீட்டில் கேட்டுக் கேட்டு ஜீவிதாவுக்குச் சலித்துப் போயிருந்தது. ஆல்வின் டிபன் பாக்ஸில் இரண்டு முட்டை இருந்தது. ஆல்வினுக்குப் பல் ஆடுகிறது, நீ ஏன் போய்ப் பார்க்க மாட்டேன் என்கிறாய்? இப்போது யோசித்தால், கொஞ்ச நாட்களாக அந்தப் பெயர் காதில் விழவே இல்லை.

“ரெண்டு பேருக்கும் சண்டையா?”

“இல்ல மேம்.” மிஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அவன் கொஞ்சம் டார்க். கையைப் பிடிச்சா கறுப்பு ஒட்டிக்கும்னு சொல்றா.”

சொல்லி முடித்ததும் மிஸ்ஸின் பார்வை ஜீவிதாவின் கைகளில் விழுந்தது. விழுந்த வேகத்தில் விலகியது. ஜீவிதா கறுப்பு. பெண் பார்க்க வருகிறவர்கள் தயவு பண்ணிச் சொல்லும் மாநிறம், புதுநிறம் எதிலும் அடங்காத கறுப்பு. கிருபா சிவப்பு, அப்பாவைக் கொண்டு பிறந்தவள்.

“எங்க கிருபாவா சொன்னா?”

“எனக்கும் ஷாக்காதான் இருந்துச்சு மேம். நான் சும்மா விடல. எல்லாரையும் உட்கார வச்சு, ஆல்வினை முன்னாடி நிக்க வச்சு, பிளாக் இஸ் ப்யூட்டிஃபுல்னு சொல்லி, கைதட்டச் சொன்னேன்.”

“தட்டினாங்களா?”

“நல்லா தட்டினாங்க. ஆனா அதுவரைக்கும் கிருபா மட்டும்தான் அவன் கையைப் பிடிக்காம இருந்தா. அதுக்கப்புறம் இன்னும் நாலஞ்சு பேரு...”

“இப்ப வரிசையில அவன் யார் கையைப் பிடிச்சுக்கிறான்?”

“என் துப்பட்டாவை மேம்.”

ஜீவிதாவுக்கு யார்மேல் கோபப்படுவது என்று புரியவில்லை. இந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருந்தால் அதிகம். தெரிந்ததைச் செய்திருக்கிறாள். கைதட்டி முடித்தபோது ஆல்வின் எங்கே பார்த்துக்கொண்டு நின்றிருப்பான்?

“அடுத்த மாசம் ‘எல்லோரும் சமம்’னு ஒரு வாரம் கொண்டாடறோம். நீங்க ஒரு சார்ட் செஞ்சு தர முடியுமா மேம்? பல கலர் குழந்தைங்க பூமியைச் சுத்திக் கை கோத்து நிக்கிற மாதிரி.”

“முதல்ல ரெண்டு குழந்தைங்க கை கோக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு எழுந்தாள் ஜீவிதா. நாற்காலியும் அவளோடு கொஞ்ச தூரம் எழுந்து விழுந்தது.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஆபேலின் டீக்கடை. ஆல்வினின் அப்பா. அவருடைய கடவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியவள் ஜீவிதாதான். கிருபாவைக் கூட்டிக்கொண்டு வண்டியை எடுக்கப் போனபோது அவரே கூப்பிட்டார்.

“இன்னா டாக்டரம்மா, மிஸ்ஸு கூப்ட்டு வுட்டுச்சா?”

“ஆமாண்ணா. இப்பதான் தெரியும் எனக்கு. ரொம்ப சாரிண்ணா.”

ஆபேல் பாய்லர் மூடியைச் சாத்தினார். கிருபா வண்டிக்கு அந்தப் பக்கம் போய் மறைந்து நின்றாள்.

“பையன் நைட்டு கையில பவுடர் பூசிகினு படுக்குறான். இன்னாடா இதுன்னா, காலைல வெள்ளையாயிடும்ங்கறான். அப்பாலதான் மேட்டரே வெளிய வந்துச்சு. உங்க பொண்ணுன்னான். நான் நம்பல. டேய், அவங்க அம்மா நம்ம கலருதான்டான்னேன். அதுக்கு இன்னா சொன்னான் தெரியுமா? ‘அவங்க டாக்டரு, டாடி’ன்னான்.”

ஜீவிதா, “குழந்தைங்க...” என்று தொடங்கினாள்.

“கொயந்தைங்கதான். நான் இல்லன்னா சொன்னேன்? என் பையனும் கொயந்தைதானே.”

வீட்டுக்குப் போகும் வழியில், செம்பாக்கம் ஏரிக்கரையில் வண்டியை ஓரம் கட்டினாள். கிருபா முன்னால் நின்றபடி கண்ணாடியில் அம்மாவின் முகத்தை ஆராய்ந்தாள்.

“ஆல்வின் கையை ஏன் பிடிக்க மாட்டேங்கற?”

“ஒட்டிக்கும்.”

“நான் உன்னைத் தூக்கறேன், குளிப்பாட்டறேன். ஒட்டிச்சா?”

கிருபா திரும்பி அம்மாவின் முழங்கையைத் தடவிப் பார்த்தாள். “நீ அம்மா. அம்மாது ஒட்டாது.”

“உனக்கு யார் இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்ல.”

யாரும் இல்லாமல் எப்படி வரும்? ஜீவிதாவுக்கு உடனே ஒரு முகம் ஞாபகம் வந்தது. கணவன் உமேஷின் தங்கை சின்மயி. வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். தினமும் சாயந்திரம் குங்குமப்பூ போட்ட பால். கிருபா பக்கத்தில் உட்கார்ந்து, பால் மஞ்சளாவதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வண்டியைக் கிளப்பும்போதே ஜீவிதா வசனங்களை அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

வீட்டில் சின்மயி சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கை நிறையக் கண்ணாடி வளையல். உமேஷ் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாள். தங்கைக்குப் பாலைக் காய்ச்சிக்கொண்டு வந்து வைத்தான்.

“சின்மயி, நீ எதுக்கு இதைக் குடிக்கறேன்னு கிருபாகிட்ட சொன்னியா?” செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கேட்டாள் ஜீவிதா.

“பாப்பா சிவப்பா பொறக்கறதுக்குன்னு சொன்னேன். ஏன் அண்ணி?”

“கறுப்பா பொறந்தா என்ன பண்ணுவே?”

வளையல் சத்தம் நின்றது. “அண்ணி, நான் உங்களையா சொன்னேன்?”

“அதுதான் சின்மயி. யாருமே என்னைச் சொல்றதில்ல. இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷத்துல ஒருத்தரும் என்னைச் சொன்னதில்ல. என்னை வச்சுக்கிட்டே மத்ததையெல்லாம் சொல்றீங்க.”

உமேஷ் நிலைமையை லேசாக்கப் பார்த்தான். “காபிக்கொட்டைக்கு இன்னிக்கு என்ன கோபம்?”

காலேஜ் பஸ்ஸில் வைத்த பெயர் அது. ஜன்னல் வெயிலில் உட்கார்ந்திருந்தவளிடம், வறுத்த காபிக்கொட்டை மாதிரி பளபளன்னு இருக்கே என்று உளறிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் பயந்து இறங்கிப் போனவன். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவனை அவள் திரும்பிப் பார்த்தாள். இன்றைக்கு அதுவும் கசந்தது. பள்ளிக்கூடத்தில் நடந்ததை இருவருக்கும் சொன்னாள். துப்பட்டாவைச் சொன்னபோது குரல் உடைந்தது.

“இதெல்லாம் யார் சொல்லி வந்தது? இந்தப் பால்தானே?”

“அத்தை சொல்லல.” சாப்பாட்டு மேஜைக்கு அடியிலிருந்து வந்தது கிருபாவின் குரல். “நீதான் சொன்னே.”

“நானா?”

“டீ கேட்டா, டீ குடிச்சா கறுத்துடுவேன்னு சொல்லுவியே.”

ஜீவிதா சொல்லியிருக்கிறாள். டம்ளரை நீட்டிக்கொண்டு குழந்தை வரும்போதெல்லாம் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அம்மா அவளிடம் சொன்னது. ஊரில் எல்லா அம்மாக்களும் சொல்வது. பாலைக் குடிக்க வைக்க அதைவிடச் சுருக்கமான வழி யாருக்கும் தெரியாது.

மேஜைக்கு அடியிலிருந்து விளக்கம் தொடர்ந்தது. “நீ நிறைய குடிச்சுட்டே. அதான் அப்பா காபிக்கொட்டைன்னு கூப்பிடறாரு. ஆல்வின் வீட்ல டீக்கடை. அவன் கையில டீ இருக்கும். பிடிச்சா எனக்கும் ஒட்டிக்கும்.”

உமேஷ் சிரித்துவிட்டான். ஜீவிதாவைப் பார்த்துவிட்டு, சிரிப்பைப் பாதியில் நிறுத்தினான்.

அவள் சமையலறைக்குப் போனாள். டீ போட்டாள். கிருபாவின் சின்ன டம்ளரில் பாதி ஊற்றி ஆற்றி எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“வெளியே வா. இதைக் குடி.”

“வேணாம்.” குழந்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது.

“அம்மா சொன்னது பொய். டீ குடிச்சா யாரும் கறுக்க மாட்டாங்க. குடிச்சுப் பாரு.”

“ஏய், அழறாடி. வேணாம் ஜீவி,” என்றான் உமேஷ்.

“நீ சும்மா இரு.”

கிருபா விரல்களின் இடுக்கில் சொன்னாள். “அத்தை முதல்ல குடிக்கட்டும்.”

சின்மயி டம்ளரை வாங்கிக்கொண்டாள். உதடுவரை கொண்டு போனாள். ஒரு கை தானாகவே வயிற்றின் மேல் போனது. டம்ளரை இறக்கினாள்.

“டாக்டர் டீயைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க அண்ணி.”

“காலைல ரெண்டு காபி குடிச்சியே.”

சின்மயி எம்.காம். படித்தவள். ஜீவிதா அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கி, தானே ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி நீட்டினாள். கிருபா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கசாயம் குடிப்பதுபோல ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஓடிப்போய்க் கண்ணாடி முன்னால் நின்றாள்.

உமேஷ் ஜீவிதாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“இனிமே உன்னை எப்படிக் கூப்பிடறது?”

“தெரியல. எனக்குப் பிடிச்ச பேரு அது. அதையும் கெடுத்து வச்சாச்சு.”

“நான் கெடுத்தேனா, நீ கெடுத்தியா?”

“ரெண்டு பேரும்தான்.” அவன் தோளில் தலையைச் சாய்க்கத் தோன்றியது. சாய்க்கவில்லை.

காலையில் கிருபாவே வந்து அவளை எழுப்பினாள். இரண்டு கைகளையும் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

“கறுக்கலம்மா. தப்பிச்சேன்.”

ஜீவிதாவுக்கு அப்படியே போர்வையை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. டீயைப் பற்றிய பொய்யை உடைத்தாயிற்று. அதற்குப் பின்னால் இருந்தது அசையவே இல்லை.

“கறுத்திருந்தா?”

“அழுதிருப்பேன்.”

“ஏன்?”

அம்மாவுக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள் கிருபா. “நெருப்பைத் தொட்டா சுட்டுடும்னு சொல்வியே, அந்தக் குரல்லதானே அதையும் சொன்னே.”

எழுந்து உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கறுப்பு காயம் இல்லை, அழுக்கு இல்லை, தப்பு செய்ததற்குத் தண்டனை இல்லை. அம்மா இப்படித்தான் பிறந்தாள், ஆல்வினும் இப்படித்தான் பிறந்தான் என்று சொன்னாள். சொல்லும்போதே வார்த்தைகள் சார்ட்டில் ஒட்டிய எழுத்துகள்போலக் கேட்டன.

கிருபா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அத்தை ஏன் குங்குமப்பூ குடிக்கிறாங்க?” என்றாள்.

“அத்தைக்கும் இன்னும் தெரியல.”

“நீ சொல்லு.”

“சொன்னேன்டி. இன்னும் சொல்லணும்.”

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே ஆபேலின் கடைப் பெஞ்சில் ஆல்வின் உட்கார்ந்து, காலை ஆட்டியபடி எதையோ குடித்துக்கொண்டிருந்தான். விரல் இடுக்குகளில் பவுடர் வெள்ளை வெள்ளையாகத் திட்டு கட்டியிருந்தது. கிருபா அம்மாவின் கையை விட்டுவிட்டு நேராக அவனிடம் போனாள்.

“ஆல்வின், டீ குடிச்சா கறுக்காது. நான் குடிச்சுப் பார்த்துட்டேன்.”

“நான் டீயே குடிக்க மாட்டேன். இது பூஸ்ட்,” என்றான் ஆல்வின்.

கிருபாவுக்கு இது புதுச் செய்தி. டம்ளரை எட்டிப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜீவிதா வா என்றோ போ என்றோ கண்ணைக்கூடக் காட்டவில்லை. உள்ளே மணி அடித்தது.

“சாரி. வா, பார்ட்னர்.” கிருபா கையை நீட்டினாள்.

ஆல்வின் டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டான்.

“டேய், பாப்பா கூப்புடுதுல்ல,” என்றார் ஆபேல்.

“விடுங்கண்ணா,” என்றாள் ஜீவிதா.

“குடுக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு ஆல்வின் பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனான். அங்கே நின்றிருந்த மிஸ்ஸின் துப்பட்டா நுனியைத் தேடிப் பிடித்துக்கொண்டான். கிருபாவின் கை நீட்டியபடியே இருந்தது. உதடு துடிக்கத் தொடங்கியது.

“ஏம்மா குடுக்க மாட்டேங்கறான்? நான் சாரி சொன்னேனே.”

“அவன் கேட்டப்ப நீ குடுக்கலையே கிருபா. எத்தனை நாள் கேட்டிருப்பான்?”

“அப்ப நான் என்ன பண்றது?”

ஜீவிதா குனிந்து, கழன்றிருந்த அவள் ஷூ பக்கிளை மாட்டிவிட்டாள்.

“நாளைக்கும் போய்க் கேளு.”

“நாளைக்கும் குடுக்கலன்னா?”

“அதுக்கு மறுநாளும் கேளு. போ, மணி அடிச்சாச்சு.”

கிருபா அழுதுகொண்டே உள்ளே போனாள். ஆபேல் கேட்காமலேயே ஒரு டீயைக் கொண்டுவந்து ஜீவிதாவின் முன்னால் வைத்தார். வரிசை படியேறி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள் ஜீவிதா. துப்பட்டாவைப் பிடித்தபடி ஆல்வின் முதலில் போனான். கடைசியில் கிருபா, யார் கையையும் பிடிக்காமல், தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு படியேறினாள்.